தாத்தா ஊர்ல எத்தனை பேர்? பெரம்பலூர் பக்கத்துக் கணக்கு ஒண்ணு குழப்புது

பெரட்டுக்களம் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். இந்தியாவுல தாத்தா பாட்டி ஊரைத் தேடிப் போனவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்கறேன்.

எங்க தாத்தா 1920கள்ல, மலாயாத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கற கங்காணி கூட்டிக்கிட்டு வந்து நாகப்பட்டினத்துல கப்பலேறினவர். அவருக்கு வந்த கடுதாசி சிலது வீட்டுல இருக்கு. முகவரியில முதல்ல ஊர்ப் பேர், அடுத்து வேற ஒரு ஊரைப் போட்டு 'அஞ்சல்', அப்புறம் 'பெரம்பலூர் வழி', கடைசியா திருச்சி ஜில்லா. ஊர்ப் பேரை இங்க போடல, சொந்தக்காரங்க இருக்காங்க.

இந்திய அரசாங்கத்தோட 2011 மக்கள்தொகைப் பட்டியல்ல தேடினேன். தாத்தா ஊர் அதுல இல்லவே இல்ல. 'அஞ்சல்'னு போட்டிருந்த ஊர் மட்டும் இருக்கு, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஆனா எண்பதுகள்ல போயிட்டு வந்த பெரியப்பா "நாப்பது வீடு, ஒரு கெணறு, ஒரு மாரியாத்தா கோயில், அவ்வளவுதான்டா"ன்னுதான் சொல்லுவாரு. நாப்பது வீடு எங்க, ரெண்டாயிரம் எங்க? ஊரே காணாம போச்சா, இல்ல பேரை மாத்திட்டாங்களா?

இன்னொண்ணு. ஒரு வலைத்தளத்துல அதே ஊருக்கு '2025 மக்கள்தொகை'ன்னு ஒத்தை ஆள் வரைக்கும் துல்லியமா போட்டிருக்கான். நம்பலாமா?


தே_ஓ_கோசோங் (ஈப்போ):

நாப்பது வீட்டுல ரெண்டாயிரம் பேர்னா வீட்டுக்கு அம்பது. நம்ம தோட்டத்து லயத்துலகூட (தொழிலாளிங்களோட வரிசை வீடு) அவ்வளவு நெருக்கம் கெடையாதுலா.


கிராணி_மவன் (கோலகங்சார்):

தம்பி, ஊர் எங்கயும் போகல. அந்தப் பட்டியல்ல வர்றது வருவாய்க் கிராமம். நிலவரி வாங்கறதுக்காக வெள்ளைக்காரன் காலத்துல சர்வே கல் நட்டு எல்லை போட்டாங்களே, அந்தத் துண்டு. அதுக்குள்ள பெரிய ஊர் ஒண்ணு இருக்கும். அதைச் சுத்தி ஒரு மைல் ரெண்டு மைல்ல காட்டுக்கொட்டாய், காலனி, பட்டி, புதூர்னு சின்னச் சின்னக் குடியிருப்பு கெடக்கும். கணக்கெடுக்க வர்றவர் எல்லாத்தையும் எண்ணுவார். ஆனா பட்டியல்ல ஏறும்போது அத்தனை தலையும் பெரிய ஊர்ப் பேர்ல ஒரே வரி. உங்க தாத்தாவோட நாப்பது வீடு அந்த ரெண்டாயிரத்துக்குள்ளதான் இருக்கணும். அஞ்சல்னு போட்ட ஊர்லதான் தபாலாபீஸ். அதோட எல்லைக்குள்ள ஒரு குடியிருப்பா உங்க ஊரைத் தேடுங்க. கணக்கெடுப்புப் பட்டியலை விட்டுட்டு ஊராட்சிப் பட்டியலைப் பாருங்க. தமிழ்நாட்டுல 12,000க்கு மேல ஊராட்சி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கீழ எந்தெந்தக் குக்கிராமம்னு எழுதியிருப்பாங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை, சில எடத்துல ஊராட்சி எல்லையும் வருவாய்க் கிராம எல்லையும் ஒண்ணா இருக்காது. ஒரு ஊராட்சிக்குள்ள ரெண்டு வருவாய்க் கிராமம் வரும்.

அடுத்தது, ஜில்லா. இதுலதான் நம்ம ஆளுங்க பாதிப் பேர் தடுக்கி விழறாங்க. பழைய கடுதாசியில திருச்சி ஜில்லான்னு இருந்தா இன்னிக்கு அது திருச்சியா இருக்கணும்னு இல்ல. 1995ல பெரம்பலூரும் கரூரும் தனியாப் போச்சு. அரியலூர் ஒருதடவை பிரிஞ்சு, மறுபடி பெரம்பலூரோட சேர்ந்து, 2007ல நிரந்தரமா தனி மாவட்டம் ஆச்சு. சேலத்துக்காரங்க 1965ல தர்மபுரி போனதையும், 1997ல நாமக்கல் போனதையும் பார்க்கணும். தர்மபுரியிலிருந்து 2004ல கிருஷ்ணகிரி. தஞ்சாவூர் ஜில்லான்னு தாத்தா சொல்லியிருந்தா அது நாகப்பட்டினமா (1991), திருவாரூரா (1997), மயிலாடுதுறையா (2020) எதுவா வேணும்னாலும் இருக்கலாம். வட ஆற்காடுன்னு ஒரு மாவட்டமே இப்ப இல்ல. பின்கோடை வெச்சுத் தேடலாம்னு பார்த்தா அதுவும் 1972 ஆகஸ்ட்டுலதான் வந்தது. அதுக்கு முந்தின கடுதாசிக்கு அந்த 'வழி'தான் துணை.

2025 கணக்கு பத்தி: இந்தியாவுல கடைசியா தலை எண்ணினது 2011. 2021ல நடக்க வேண்டியது கொரோனாவுல தள்ளிப்போச்சு. அடுத்ததுக்கு 2027 மார்ச் 1ன்னு தேதி குறிச்சிருக்காங்க. நடுவுல எவன் போட்டாலும் 2011 கணக்கை ஏதோ ஒரு விகிதத்தால பெருக்கினதுதான். ஒரு மாநிலத்துக்கு அப்படிப் பெருக்கினா ஓரளவு சரியா வரும். நாப்பது வீட்டு ஊருக்கு ரெண்டு குடும்பம் திருப்பூருக்குப் போனாலே கணக்கு தலைகீழா மாறிடும்.


பெரட்டுக்களம் (சுங்கை சிப்புட்):

ரொம்ப நன்றி ஐயா. ஊராட்சிப் பட்டியல்ல தாத்தா ஊர்ப் பேர் இருக்கு! எழுத்து மட்டும் கொஞ்சம் வேற மாதிரி.

அந்த ரெண்டாயிரத்துல படிச்சவங்களை மொத்தத்தால வகுத்துப் பார்த்தேன், பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வருது. தமிழ்நாடு 80 விழுக்காடுன்னு எல்லா எடத்துலயும் எழுதியிருக்கு. அவ்வளவு பின்தங்கின ஊரா?


அல்லி_டீச்சர் (ஈப்போ):

மொத்தத்தால வகுக்கக்கூடாது தம்பி. ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை இந்தியாவுல எழுத்தறிவுக் கணக்குல சேர்க்கறதில்ல. அதே வரியில 0–6னு தனியா ஒரு பத்தி இருக்கும். மொத்தத்துலேர்ந்து அதைக் கழிச்சிட்டு மிச்சத்தால வகுங்க. தமிழ்நாட்டுக்குச் சொல்ற 80.09ம் அப்படிக் கணக்குப் பண்ணினதுதான்.

அந்த 0–6 பத்தியை இன்னொரு விஷயத்துக்கும் பார்க்கணும். ஆண் பிள்ளை எத்தனை, பெண் பிள்ளை எத்தனை? எங்க பாட்டி ஊர் சேலம் பக்கம். அங்க பெண் சிசுவைக் கொல்றது பெரிய பிரச்சினையா இருந்துதான் 1992ல தொட்டில் குழந்தைத் திட்டத்தை சேலத்துல முதல்ல ஆரம்பிச்சாங்க. 2011லகூட மாநிலம் முழுசுக்கும் ஆயிரம் ஆண் பிள்ளைக்கு 943 பெண் பிள்ளைதான். பெரியவங்களையும் சேர்த்தா ஆயிரத்துக்கு 996ன்னு சமமா நிக்குது. இந்தச் சமத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. ஊர்ல பெண்கள் அதிகம்னு கணக்கு காட்டினா, பெரும்பாலும் ஆம்பளைங்க வெளியூர் போயிருப்பாங்கன்னு அர்த்தம்.


செட்டிகுளம்_வெங்காயம் (பட்டர்வொர்த்):

நான் பெரம்பலூர்க்காரன்தாங்க, வேலைக்கு இங்க வந்து கொஞ்ச வருஷம் ஆகுது. டீச்சரம்மா சொன்னது சரி. 2011ல எங்க மாவட்டம் மொத்தமே 5,65,223 பேர், தமிழ்நாட்டுலேயே குறைவு. மானாவாரிக் கரிசல். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மழை ஏமாத்திச்சுன்னா பையன் கெளம்பிடுவான், சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய்னு.

கணக்கெடுப்புல யாரைச் சேர்ப்பாங்கன்னு தெரிஞ்சுக்கணும். 2011ல பிப்ரவரி 9லேர்ந்து 28 வரைக்கும் வீடு வீடா வந்தாங்க. மார்ச் 1 முதல் 5 வரைக்கும் மறுபடி ஒரு சுத்து, அதுக்குள்ள பிறந்தது செத்ததைச் சரிபார்க்க. அந்த நாள் பூராவும் ஊர்ல இல்லாதவன் அந்த ஊர்க் கணக்குல கெடையாது. எங்க அண்ணன் அப்ப துபாய்ல இருந்தாரு. பொண்டாட்டி பிள்ளை ஊர்ல எண்ணப்பட்டாங்க, அவரை எந்த நாடும் எங்க ஊர்க்காரனா எண்ணல. ஆனா ஊர்ல வீடு கட்டினது அவரு காசு.

அதனால எண்ணிக்கையை மட்டும் வெச்சு ஊரை எடைபோடாதீங்க. வேலைப் பத்தியைப் பாருங்க. சொந்த நிலத்துல பயிர் பண்றவங்க, கூலிக்குப் போறவங்க, மத்த வேலைன்னு தனித்தனியா இருக்கும். வருஷத்துல ஆறு மாசத்துக்குக் குறைவா வேலை கெடைச்சவங்களைத் தனியா வேற பிரிச்சிருப்பான். கூலி அதிகம், பயிர் பண்றவங்க குறைவுன்னா நிலம் சில கையில இருக்குன்னு புரிஞ்சுக்கலாம். உங்க தாத்தா எதுக்குக் கப்பலேறினாருன்னு அதுலயே பாதி தெரிஞ்சிடும்.


பெரட்டுக்களம் (சுங்கை சிப்புட்):

வேலைப் பத்தியைப் பார்த்தேன். கூலிதான் அதிகம்.

அதுக்குப் பக்கத்துலயே பட்டியல் சாதி எத்தனை பேர்னும் இருக்கு. மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல. எங்க வீட்டுல சாதியைப் பத்திப் பேசினதே கெடையாது. தாத்தா ஒருதடவையும் ஊருக்குத் திரும்பிப் போகல, ஏன்னு கேட்டா பேச்சை மாத்திடுவாராம். காரணம் இதுல இருக்குமோன்னு தோணுது.


முன்னேறும்_சமுதாயம் (ஷா ஆலம்):

இந்தக் குப்பையை ஏன் கிளறணும்? நாலு தலைமுறை ஆச்சு. இங்க மலேசியாவுல எல்லாரும் இந்தியர்னு ஒரே பேருல இருக்கோம், அதுவே நூத்துக்கு ஏழு பேர்கூட இல்ல. 1957ல நூத்துக்குப் பதினோரு பேர் இருந்தோம். அதைப் பத்தி யாராவது இழை போடுங்க.


கிராணி_மவன் (கோலகங்சார்):

ஐயா, நீங்க சொல்ற கவலை எனக்கும் உண்டு. அதுக்காக இதைப் பேசக்கூடாதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். நான் வளர்ந்த தோட்டத்துலயே மேல லயம், கீழ லயம்னு இருந்தது. கோயில் திருவிழாவுல யார் பறை அடிக்கணும், யார் தேர் வடம் தொடணும்னு பெரிய கங்காணி சொன்னதுதான் சட்டம். கப்பலேறினதும் சாதி கடல்ல விழுந்திடுச்சுன்னு நம்ம மேடைப் பேச்சாளர்கள் சொல்லுவாங்க. கங்காணி தன் சொந்த ஊர்லயும் சுத்து வட்டாரத்துலயும்தானே ஆள் சேர்த்தான். ஊர் எப்படி இருந்ததோ அப்படியே லயத்துல வந்து உக்காந்துச்சு.


செட்டிகுளம்_வெங்காயம் (பட்டர்வொர்த்):

பெரட்டுக்களம் அண்ணே, பக்குவமாத்தான் சொல்றேன். எங்க பக்கம் ஊர் ஒரு எடத்துல, பட்டியல் சாதிக்காரங்க குடியிருக்கற காலனி தள்ளி வேற எடத்துல இருக்கும். பட்டியல்ல ரெண்டும் ஒரே வரி. நீங்க நேர்ல போனா எந்தப் பக்கம் போய் தாத்தா பேரைச் சொல்றீங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. தப்பான தெருவுல விசாரிச்சா "அப்படி யாரும் இல்லியே"ன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லிடுவாங்க. அது பொய்யும் இல்ல, அவங்களுக்குத் தெரியாது. அதனால தெரிஞ்சுக்கிட்டுப் போறதுதான் நல்லது. மாநில சராசரி நூத்துக்கு இருபது. மூணுல ஒண்ணுங்கறது எங்க மாவட்டத்துல அதிசயம் இல்ல, திருவாரூர்ல மாவட்டம் பூராவுமே அப்படித்தான்.


அந்தோணி_மாமா (பாகான் செராய்):

ஒரு திருத்தம் போட்டுக்கறேன். அந்தப் பத்தியை முழுசா நம்பாதீங்க. 1950ல போட்ட குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும்தான் பட்டியல் சாதி. சீக்கியரை 1956லயும் பௌத்தரை 1990லயும் சேர்த்தாங்க. கிறிஸ்தவங்களைச் சேர்க்கவே இல்ல. எங்க ஐயா ஊர்ல காலனி பூராவும் வேதக்காரங்க. கணக்குல பார்த்தா அந்த ஊர்ல பட்டியல் சாதியே அத்திப் பூத்தாப்புல ஒண்ணு ரெண்டுதான். அதைப் பார்த்துட்டு என் மகன் "நாம அந்தப் பக்கம் இல்லப்பா"ன்னான். அவனுக்கு உக்காரவெச்சு விளக்கவேண்டியதாப் போச்சு.


முன்னேறும்_சமுதாயம் (ஷா ஆலம்):

விளக்கி என்ன ஆச்சு? பையன் சந்தோஷமா இருந்தான், நீங்க கெடுத்தீங்க.


அந்தோணி_மாமா (பாகான் செராய்):

அவன் இப்பத்தான் தாத்தாவைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிருக்கான். எனக்கு அது போதும்.


தே_ஓ_கோசோங் (ஈப்போ):

சண்டை வேணாம்லா. நான் ஒண்ணு கேக்கறேன், தாத்தா கப்பலேறின காலத்துல ஊர்ல எத்தனை பேர்னு தெரிஞ்சுக்க முடியுமா? 2011 கணக்கு அவருக்கு என்ன சம்பந்தம்?


கிராணி_மவன் (கோலகங்சார்):

நல்ல கேள்வி. சென்னை மாகாணத்துல 1871லேர்ந்தே பத்து வருஷத்துக்கு ஒருதடவை எண்ணினாங்க. கிராமம் கிராமமா அச்சடிச்ச மாவட்டக் கையேடு 1951 கணக்கெடுப்புலேர்ந்து வருது. அதுல பழைய திருச்சி ஜில்லா, பெரம்பலூர் தாலுக்கான்னு தேடணும். ஸ்கேன் பண்ணின பிரதிகள் இந்தியக் கணக்கெடுப்புத் துறையோட மின்நூலகத்துல இருக்கு, காசு இல்ல. 1951, 1961, 1971ன்னு வரிசையா எடுத்து வெச்சுப் பாருங்க. அந்த ஊர் எப்ப வளர்ந்தது, எப்ப நின்னுபோச்சுன்னு தெரியும். ஆள் பேர் மட்டும் கெடைக்காது. 1948 சட்டப்படி வீட்டுப் படிவத்தை யாருக்கும் காட்டக்கூடாது, கோர்ட்டுலகூட சாட்சியமா ஏத்துக்க மாட்டாங்க. ஓசிஐ அட்டைக்கு (இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்திய அரசாங்கம் குடுக்கறது) அலையறவங்க இதுல நேரத்தை வீணாக்க வேணாம்.

தாத்தா காலத்துக்கு முன்னாடி நடந்த ஒண்ணையும் நெனைவு வெச்சுக்கணும். 1918 விஷக்காய்ச்சல். 1911க்கும் 1921க்கும் நடுவுல இந்தியாவோட மொத்த ஜனத்தொகையே குறைஞ்சுது. அதுக்கப்புறம் அப்படி ஒருதடவையும் குறையல. இருபதுகள்ல கப்பலேறினவங்க அந்தச் சாவைக் கண்ணால பார்த்த தலைமுறை.

இங்க வந்தவங்களுக்கு என்ன கணக்கு இருந்தது? காலையில பெரட்டுல (ஆள் எடுப்பு) பேர் கூப்பிட்டு கிராணி (தோட்டத்துக் கணக்கர்) செக்ரோல்ல (வருகைப் பதிவேடு) கோடு போடுவார். வேலைக்கு வந்த நாள்தான் கணக்கு. எங்கப்பா எழுதின செக்ரோல் எதுவும் மிஞ்சல, தோட்டம் கைமாறினப்ப ஆபீஸோட போச்சு. சுங்கை சிப்புட்ல 1948ல எல்பில் தோட்டத்துத் துரையைக் கம்யூனிஸ்ட்டுக்காரங்க சுட்டாங்க, அவசரகாலம் வந்தது, உலகத்துக்கே தெரியும். அதே எல்பில்ல அன்னிக்கு எத்தனை தமிழ்க் குடும்பம் லயத்துல இருந்ததுன்னு கேட்டா யாரு சொல்லுவா? அதுக்கு முன்னாடி 1942–43ல ஜப்பான்காரன் சயாமுக்கு (இப்பத் தாய்லாந்து) ரயில் போட புடிச்சிட்டுப் போய் அங்கயே செத்தவங்க, ஊர்க் கணக்குலயும் இல்ல, இங்க அடுத்து எடுத்த 1947 கணக்குலயும் இல்ல.


அல்லி_டீச்சர் (ஈப்போ):

ஐயா சொன்னதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்துட்டேன். தூத்துக்குடி மாவட்டத்துல மீனாட்சிபுரம்னு ஒரு கிராமம். தண்ணிப் பஞ்சத்துல எல்லாரும் கெளம்பிட்டாங்க, ஒரு பெரியவர் மட்டும் தனியா இருந்தாரு. 2024ல அவரும் இறந்துட்டாருன்னு செய்தியில வந்தது. அங்க ஊர் காலியாச்சுன்னு பத்திரிகை எழுதுது. நம்ம தோட்டங்க செம்பனைக்கும் தாமானுக்கும் (வீட்டு மனைக் குடியிருப்பு) காலியானப்ப எழுத ஆள் இல்ல.

சரி, பெரட்டுக்களம் தம்பி கேட்டதுக்கு வர்றேன். நானும் அம்மாவும் பாட்டி ஊரைத் தேடிப் போனப்ப கணக்கெடுப்பு எங்களை ஊர் வரைக்கும்தான் கொண்டுபோச்சு. ஆளைக் கண்டுபிடிக்க உதவினது வாக்காளர் பட்டியல். தமிழ்லயே இருக்கும், தெரு வாரியா, அப்பா பேரோ புருஷன் பேரோ போட்டு. தாத்தா பேரையே பேரனுக்கு வைக்கற பழக்கம் இருக்கறதால ஒரு வீடு மாட்டிச்சு.


செட்டிகுளம்_வெங்காயம் (பட்டர்வொர்த்):

அதைவிட ஒரு கணக்கு இருக்குங்க. குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி.

கல்யாணம் ஆன ஆம்பளை ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்கு முன்னாடி வகையறா (பங்காளிக் கூட்டம்) வாரியா நோட்டு போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணுவாங்க. இதுல ஆள் எங்க தூங்கறான்ங்கற கேள்வியே கெடையாது. எங்க அண்ணன் துபாய்ல இருந்தாலும் வரி உண்டு, நான் பட்டர்வொர்த்துல இருந்தாலும் உண்டு. சென்னையில மூணு தலைமுறையா இருக்கறவனும் நோட்டுல இருக்கான். அரசாங்கக் கணக்குல எங்க குடியிருப்பு தனியா இல்லவே இல்ல, கோயில் நோட்டுல தலைக்கட்டு வருஷா வருஷம் கூடுது.

பெரியப்பா போனப்ப வரி குடுத்திருந்தாருன்னா உங்க வகையறாவுல பேர் இருக்க வாய்ப்பு இருக்கு. பழைய நோட்டைத் தூக்கிப் போட மாட்டாங்க, நாட்டாமை வீட்டுப் பரண்ல கெடக்கும்.


அல்லி_டீச்சர் (ஈப்போ):

அந்த நோட்டுல பொம்பளை எங்க? மக கட்டிக் குடுத்ததும் புருஷன் வீட்டு நோட்டுக்குப் போயிடறா. புருஷன் செத்தா சில ஊர்ல அரை வரி, சில ஊர்ல வரியே இல்ல. எங்க பாட்டி எந்த நோட்டுலயும் இல்ல. அரசாங்கம் எண்ணினாலாவது பொம்பளையை முழுசா ஒண்ணுன்னு எண்ணும்.


செட்டிகுளம்_வெங்காயம் (பட்டர்வொர்த்):

மறுக்க முடியாதுங்க அக்கா. எங்கம்மாவுக்கும் இப்ப அரை வரிதான்.


பெரட்டுக்களம் (சுங்கை சிப்புட்):

பெரியப்பா மகன்கிட்ட இப்பத்தான் போன்ல கேட்டேன். பெரியப்பா அங்க பணம் குடுத்தாராம், எதுக்குன்னு தெரியாதாம். கும்புடற சாமி மதுரகாளின்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. அது பெரம்பலூர் பக்கத்துச் சிறுவாச்சூர்க் கோயிலா? அப்படின்னா எப்படிப் போறது? விட்டுப்போன வரியை நான் இப்பக் கட்டினா மறுபடி சேர்ப்பாங்களா?


செட்டிகுளம்_வெங்காயம் (பட்டர்வொர்த்):

சிறுவாச்சூராத்தான் இருக்கும். திங்கள், வெள்ளி மட்டும்தான் நடை திறப்பாங்க, மத்த நாள் போய் ஏமாந்துடாதீங்க. கோலாலம்பூர்லேர்ந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கு, திருச்சியிலிருந்து சென்னை போற ரோட்டுல ஒரு மணி நேரம். ஆனா அது பல ஊருக்குப் பொதுவான கோயில், உங்க வகையறா நோட்டு அங்க இருக்காது. உங்க குடியிருப்புல சின்னதா ஒரு கோயில் இருக்கும், பெரியப்பா சொன்னாரே மாரியாத்தா, அங்க விசாரிங்க.

சேர்க்கறது பத்தி: பங்காளி யாராவது "இவன் எங்க வகையறாதான்"னு நாலு பேர் முன்னாடி சொல்லணும். அதுக்கப்புறம் சேர்த்துடுவாங்க. விட்டுப்போன வருஷத்துக்கெல்லாம் கேக்க மாட்டாங்க, ஆனா வெளிநாட்டுக்காரன்னு தெரிஞ்சா கோபுரத்துக்கு, மண்டபத்துக்குன்னு கேப்பாங்க. உங்களால முடிஞ்சதைச் சொல்லுங்க, அங்கேயே ஒத்துக்காதீங்க.


கிராணி_மவன் (கோலகங்சார்):

அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டு வெச்சுக்கங்க தம்பி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மண்டபத்துக்குன்னு பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) குடுத்துட்டு வந்தாரு. மண்டபம் வந்தது, கல்வெட்டுல வேற வகையறா பேர். வரியைக் கட்டினா ரசீது வாங்குங்க, ரசீதுல உங்க தாத்தா பேரையும் வகையறாவையும் எழுதச் சொல்லுங்க.


தே_ஓ_கோசோங் (ஈப்போ):

அண்ணே, போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன். எங்க தாத்தாவும் 'பெரம்பலூர் வழி'தான், ஊர்ப் பேருதான் யாருக்கும் ஞாபகம் இல்ல.


பெரட்டுக்களம் (சுங்கை சிப்புட்):

வாங்க தம்பி. சித்திரைக்கு முன்னாடி டிக்கெட் மலிவா இருக்கான்னு பார்க்கறேன். உங்க வீட்டுல கும்புடற சாமி எதுன்னு மட்டும் அம்மாகிட்ட கேட்டு வைங்க.